நாலாவது நாள் பாயசம்

சுகன்யா டீச்சரிடம் தளிரகத்தைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்துவிட்டால், அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துதான் தீரும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிவிட்டது. ஆனாலும் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், நீலகிரி மலை தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, தினமும் ஒரு நடை அங்கே போய்விட்டுத்தான் வருவாள். அதற்குப் பேருந்து எதற்கு, ஒரு டம்ளர் காப்பி போதும்.

மேட்டுப்பாளையத்தில் பூட்டிக் கிடந்த பழைய உருளைக்கிழங்கு மண்டி ஒன்றைச் சுண்ணாம்படித்து, மிரண்டுபோன பிள்ளைகளுக்கான தளிரகம் என்ற இல்லமாக மாற்றியிருந்தார்கள். எத்தனை கை அடித்தும் சுவரிலிருந்து கிழங்கு மண் வாசனை போகவில்லை. மழை நாளில் அது இன்னும் தூக்கலாக வரும். புதிதாக வந்த பிள்ளை மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்றைக்குக் கிழங்கு வறுவலா என்று கேட்கும். ஊர் பேர் கேட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை அது. அந்த ஒரு கேள்விக்காகவே ராக்கம்மா அன்றைக்குக் கிழங்கு வறுத்துவிடுவாள். ராக்கம்மாதான் அங்கே சமையல், குளியல், அதட்டல் எல்லாம். அவள் குரல் எழும்பினால் தகரக் கூரை அதிரும். ஆனாலும் பிள்ளைகள் அவள் முந்தானையை விட்டு நகராது.

ஒரு பிள்ளைக்கு மனக்காயம் ஆறிவிட்டது என்று தெரிந்த நாளில் மண்டியின் பழைய மணியை அடிப்பார்கள். எல்லாருக்கும் சேமியா பாயசம். அது சுகன்யா வைத்த வழக்கம். ஆறின பிள்ளைக்குத்தான் முதல் டம்ளர், முந்திரி அத்தனையும் அதற்குத்தான். ஒரு மனுஷி ஒரு ஆயுளில் இத்தனை தடவை சந்தோஷமாகப் பாயசம் குடிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அதனால்தான் நிறைமதி போன் செய்து, "சனிக்கிழமை வரட்டுங்களா டீச்சர், மகளையும் கூட்டீட்டு வர்றேன்" என்றதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்குப் போய் சேமியா வாங்கி வந்தாள். பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினாள். நிறைமதியின் நோட்டு மேலாகவே இருந்தது. இருக்காதா பின்னே. தளிரகத்தின் செல்லப் பிள்ளை அல்லவா அவள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மலையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் மேல் மண் சரிந்து, அதில் தப்பிய ஏழு வயதுப் பெண்ணை அவள் தாய்மாமன் செல்லையா தூக்கிக்கொண்டு வந்தார். பெண் பேசவில்லை. தாய்மாமன்தான் பேசினார், அதுவும் சந்தேகத்தோடு.

"மண்டையில கரண்டு வெப்பாங்கன்னு சொல்றாங்களேம்மா."

"கரண்டெல்லாம் இல்லைங்க. இந்த வளையத்தைத் தலையில மாட்டீட்டு, நடந்ததைப் பிள்ளை தன் வாயால சொல்லும். ஞாபகம் மேல வர்ற நேரத்துல, அதுல ஒட்டியிருக்கற பயத்தை மட்டும் வளையம் கொஞ்சம் தணிக்கும். தினம் ஒரு தடவை. குழம்புல உப்பு தூக்கலாப் போனா ஒரேயடியா எடுக்க முடியுமா? அப்படித்தான்."

"ஞாபகமே போயிராதுங்களா?"

"போகாது. ஆனா அளவு தாண்டினா ஆபத்துங்க. பயத்தோட சேர்ந்து பாசமும் கழண்டுக்கும். அம்மா யாரோ எவரோன்னு ஆயிரும். அதனால சரியான இடத்துல நிறுத்தோணும்."

"சரியான இடம்னு அந்த மிஷின் சொல்லுமா?"

"அது தணிக்கும், அளக்காது. அளக்கறது எங்க வேலை. பிள்ளை சொன்ன கதையை நான் திருப்பிச் சொல்லுவேன், வேணும்னே ஒண்ணைத் தப்பா. ரணமா இருக்கற பிள்ளை பதறீட்டு, இல்லை அப்படியில்லைன்னு திருத்தும். அதை விட்டுக் கொடுக்கவே முடியாது அதால. என்னிக்குத் தப்பாச் சொன்னாலும் சும்மா விட்டுருதோ, அன்னிக்குப் பிடி தளந்துருச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு நிறுத்தீருவோம்."

செல்லையா தலையாட்டினார். பிறகு, கேட்க வெட்கப்பட்டவராக, "உங்க பிள்ளைக்கும் இதையேதான் செய்வீங்களாம்மா?" என்றார். செய்வேன் என்று சுகன்யா சொன்னாள். அந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், ஒருநாளும் நாக்குக் குழறியதில்லை.

நிறைமதிக்கு முன்னால் வந்த பிள்ளைகளுக்கு ஒன்பது நாள் ஆனது, பதினொரு நாள் ஆனது. வளையத்தோடு வந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. நிறைமதிக்கு நாலே நாள். அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் வரிசையாக நாலு நாள், நாலு நாள். டெல்லியிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். பத்திரிகைகள் நம் பிள்ளைகளின் நெஞ்சுரத்தைப் புகழ்ந்தன. சுகன்யாவை ஓர் ஆய்வுக் குழுவில் போட்டார்கள், அவள் எழுதிக் கொடுத்த நாலு நாள் விதி மாநிலம் முழுக்கச் சட்டமாயிற்று. முதலில் கணக்கில்லாமல் வளையம் மாட்டிய சில இடங்களில் பிள்ளைகள் அம்மா படத்தைப் பார்த்து யார் இது என்று கேட்டிருந்ததால், அந்தச் சட்டத்தை எல்லாரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நிறைமதி வந்தாள். முப்பத்தைந்து வயது, கண்ணாடி, மலையடிவாரத்தில் மண்சரிவு எச்சரிக்கை நிலையத்தில் வேலை. கணவன் கதிரேசன் ஆறு மாதத்துக்கு முன் அன்னூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் நேயா மண்மேட்டில் விழுந்து பிழைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அப்போதே போனில் சொல்லியிருந்தாள்.

நேயாவுக்கும் ஏழு வயது. காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய தலைமுடி. கைகூப்பி, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

"அடி என் கண்ணே. ஏன் நிறை, இத்தனை அழகான முடியை இப்படி ஒட்ட வெட்டியிருக்கறயே?"

நிறைமதி நேயாவைப் பால்கனியில் படப் புத்தகத்தோடு உட்கார வைத்துவிட்டு வந்தாள். சுகன்யா பாயசத்தை டம்ளரில் ஊற்றி, முந்திரியெல்லாம் மேலே வருகிற மாதிரி கிளறி நீட்டினாள். நிறைமதி வாங்கிக்கொண்டாள். வாயில் வைக்கவில்லை.

"நேயாவுக்கு இல்லத்துல நாலு நாள் வளையம் வெச்சாங்க டீச்சர். நாலாவது நாள் தப்பாச் சொன்னதுக்குக் கம்முனு இருந்தாளாம். ஆறியாச்சுன்னு சீட்டு குடுத்துட்டாங்க."

"நல்ல சேதிதானே கண்ணு."

"கட்டிலுக்கு அடியிலதான் படுக்கறா. லாரி சத்தம் கேட்டா நின்ன இடத்துலயே பாவாடை நனைஞ்சு போகுது. அஞ்சாவது நாள் வேணும்னு போய்க் கேட்டேன். ஆறினவங்களுக்கு மறுபடி மாட்டக்கூடாதுன்னு சட்டமாம். அது நீங்க எழுதுன சட்டம். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா மாட்டுவாங்க."

"அதெப்படி எழுத முடியும்? ஆறினதுக்கு மேல வெச்சா உன்னையே யாருன்னு கேப்பா. துக்கம் வேற, பயம் வேற. அப்பனை இழந்த பிள்ளை கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். உனக்கு ஆறலையா? நீயே சாட்சி."

நிறைமதி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "எனக்கு ஆறலைங்க டீச்சர்" என்றாள்.

சுகன்யாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நோட்டைப் புரட்டினாள். "இதோ பாரு. நாலாவது நாள். 'அம்மா ரெண்டு பக்கமும் சடை பின்னி முடித்தாள், அப்புறம் சத்தம் வந்தது' அப்படின்னு தப்பாச் சொல்லியிருக்கேன். நீ திருத்தலை. என் கையெழுத்துத்தான்."

"ஒரு பக்கந்தான் பின்னியிருந்தாங்க. அது எனக்கு மறக்குமுங்களா? மறுபக்கத்துக்கு ரிப்பன் எடுக்க உள்ள போனாங்க. அதுக்குள்ள மண்ணு வந்துருச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?"

"மூணாவது நாள் நான் உங்களைத் திருத்துனதை ராக்கம்மா கேட்டுட்டாங்க. குளிக்க வெக்கறப்ப சொன்னாங்க. டீச்சர் பேசறப்ப குறுக்கால பேசக்கூடாது சாமி, பெரியவங்க தப்பாச் சொன்னாலும் கம்முனு கேட்டுக்கோணும்னு. அதட்டலா இல்லைங்க, பாசமாத்தான் சொன்னாங்க. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லி வளத்தாங்க. அதனால அடுத்த நாள் கம்முனு இருந்தேன். நீங்க என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதீங்க. மணி அடிச்சுது. அங்க வந்ததுக்கப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சது அன்னிக்குத்தான்."

பால்கனியில் நேயா ஒரு பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. சுகன்யாவின் விரல் நோட்டின் அந்த வரியிலேயே நின்றது.

"மத்த பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"பாயசம் குடிக்கறப்பவே சுத்தி உக்காந்து கேட்டுச்சுங்க, எப்படி நாலே நாள்ல முதல் டம்ளர் வாங்குனேன்னு. டீச்சர் ஒண்ணு தப்பாச் சொல்லுவாங்க, நீ கம்முனு இருன்னு சொன்னேன். ஏமாத்தோணும்னு இல்லைங்க. அதுதான் அந்த வீட்டு வழக்கம்னு நெனச்சோம். அப்புறமேட்டுக்கு வந்த பிள்ளைங்களுக்கு அதுங்க சொல்லியிருக்கும்."

சுகன்யாவுக்கு முதலில் வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாததால் எதிரில் இருந்தவள்மேல் பாய்ந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து சொல்றயே. படிச்சே, வேலைக்குப் போனே, கல்யாணம் பண்ணுனே. ஆறாதவ பண்ற வேலையா இதெல்லாம்?"

"என்ன வேலைக்குப் போறேன்னு பார்த்தீங்களா? மண்ணு நகருதான்னு நாள் பூராத் திரையைப் பார்த்துட்டே உக்காந்திருக்கேன். லீவு நாள்லயும் போய் உக்காருவேன். ஆர்வமான பொண்ணுன்னு விருது குடுத்தாங்க. நேயா முடியைக் கேட்டீங்களே. ஒரு பக்கம் பின்னி முடிச்சதும் கை நடுங்கும். மறுபக்கம் எடுக்கறதுக்குள்ள வந்துரும்னு இருக்கும். ஒருநாள் பாதியில விட்டுட்டு வெளிய ஓடிட்டேன், பாப்பா திகைச்சுப் போயிட்டா. மறுநாள் வெட்டிட்டேன்."

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு." குரல் இறங்கிவிட்டது.

"சின்ன வயசுல சொல்லிப் பார்த்தேனுங்க. உனக்குத்தான் ஆறிப்போச்சே, பேப்பர்ல போட்டோவே வந்துச்சேம்பாரு மாமா. அதுக்கு மேல என்ன சொல்றது? எனக்குக்கூடப் பல நாள், ஆறினா இப்படித்தான் இருக்குமாட்டம் இருக்குதுன்னு தோணும்."

சுகன்யா மற்ற நோட்டுகளை இழுத்துப் பிரித்தாள். ஒன்பது. பதினொன்று. எட்டு. அப்புறம் நிறைமதி. அதற்குப் பின் நாலு, நாலு, மூணு, நாலு. இத்தனை நாளும் அதைத் தன் கைராசி என்று நினைத்திருந்தாள். வெளியே சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் உள்ளுக்குள் அப்படித்தான். எந்தெந்தப் பிள்ளை என்று முகம் முகமாக ஞாபகம் வந்தது. பாயச டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்த முகங்கள். அவை எல்லாமே அவளுக்காகச் சிரித்தவைதானா என்று நினைக்கவே அவளுக்குத் தாங்கவில்லை.

"நேயாவைக் கூப்பிடு" என்றாள்.

நேயா வந்து முன்னால் நின்றாள். இல்லத்தில் பதிவான அவள் கதையை நிறைமதி தன் போனில் காட்டினாள். நாலைந்து வரிதான். அப்பாவோடு போனோம், பின்னால் உட்கார்ந்திருந்தேன், லாரி இடித்தது, எனக்கு மயக்கம் வந்துவிட்டது, அப்பா உடனே சாமிகிட்டப் போயிட்டார்.

சுகன்யா அதைப் படித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "நீயும் அப்பாவும் ஸ்கூட்டர்ல போனீங்க. நீ முன்னாடி நின்னுட்டிருந்தே."

நேயா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன.

"மழை பேஞ்சுட்டிருந்துச்சு."

தலையாட்டினாள். அன்றைக்கு மழையே இல்லை என்று நிறைமதியின் முகம் சொன்னது.

"உங்கப்பா பேரு முருகவேல்."

நேயாவின் உதடு லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

நிறைமதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்படித் தலையாட்டிய முகத்தைச் சுகன்யா எத்தனை தடவை பார்த்து, மணியடிக்க ஆள் அனுப்பியிருக்கிறாள். பிள்ளை அமைதியாகிவிட்டது என்று அவள் எழுதிய ஒவ்வொரு நாளும், எதிரில் ஒரு பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கப் பாடுபட்டிருக்கிறது. அது ஒன்றும் அவளுக்குத் தெரியாத பழக்கமும் இல்லை. அவளும் அப்படி வளர்ந்தவள்தான். வாத்தியார் கரும்பலகையில் தப்பாகக் கூட்டினால், அதையே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள். வெளிநாட்டுக்காரன் புத்தகம் எழுதும்போது இப்படி ஒரு பிள்ளையை நினைத்திருக்க மாட்டான். அவளாவது நினைத்திருக்கலாம்.

போனை எடுத்து, ஆய்வுக் குழுவுக்கு என்று சொல்லிவிட்டு, அதனிடம் வாய்விட்டே பேசினாள். நிறைமதி கேட்கட்டும் என்றுதான்.

"நாலு நாள் விதியை எழுதினது சுகன்யாங்கற நான். அது தப்பு. பிள்ளைங்க ஆறிப்போனதால சும்மா இருக்கலை, பெரியவங்களை எதுத்துப் பேசக்கூடாதுன்னு சும்மா இருந்திருக்காங்க. எத்தனை நாள் வேணும்னு இப்ப எனக்குத் தெரியாது. நாலு நாள்ல முடிச்ச எல்லாப் பிள்ளைங்களையும் திருப்பிக் கூப்பிட்டு விசாரிக்கோணும். வளந்து பெரியவங்களாகி இருந்தாலும் கூப்பிடோணும். நேயாங்கற பிள்ளையோட சீட்டை இன்னிக்கே ரத்து பண்ணோணும். என் நோட்டு எல்லாம் அனுப்பறேன்."

"டீச்சர், உங்க பேரு..." என்றாள் நிறைமதி.

"பேரு கிடக்குது விடு. முதல்ல எல்லாரும் என்னைத் திட்டட்டும். திட்டறதுக்காவது அந்தப் பிள்ளைங்க வாயைத் திறக்கட்டும்."

அனுப்பிவிட்டாள். அழலாம் போல இருந்தது, ஆனால் எதிரில் ஒரு பிள்ளை நிற்கிறதே. முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு நேயாவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நேயா, உங்கம்மா உன்னாட்டம் இருந்தப்ப நான் தப்புப் பண்ணிட்டேன். நான் தப்பாச் சொன்னேன், அம்மா பாவம் கம்முனு இருந்துட்டா. அவ சரி, நான்தான் தப்பு. இப்பவும் உன் கதையைத் தப்பாத்தான் சொன்னேன். உங்கப்பா பேரைக்கூட மாத்திச் சொன்னேன். நீ ஆமான்னுட்டே."

நேயா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைத் திருத்துனா நான் கோவிச்சுக்க மாட்டேன். அம்மாவும் கோவிச்சுக்க மாட்டா. பாயசம் அங்க இருக்குது, பேசினாலும் உனக்குத்தான், பேசாட்டியும் உனக்குத்தான். எது எது தப்புன்னு சொல்றயா?"

நேயா விரலால் தன் உள்ளங்கையில் எதையோ தேய்த்துக்கொண்டே நின்றாள். கீழே தெருவில் மின்சாரப் பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. சுகன்யா அவசரப்படுத்தவில்லை. முப்பது வருஷ வேலையில் அவள் இப்படிச் சும்மா உட்கார்ந்து காத்திருந்தது குறைவு. எப்போதும் அடுத்த பிள்ளை வரிசையில் இருக்கும்.

"மொத்தமும் தப்பு" என்றாள் நேயா.

"மொத்தமுமா? போன்ல இருக்கறது நீ சொன்னதுதானே கண்ணு?"

"அது பெரியம்மா சொன்னது. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லீட்டிருந்தாங்க. அதனால நானும் சொன்னேன்." நேயாவின் குரல் சின்னதாக, ஆனால் தெளிவாக வந்தது. "எங்கப்பா பேரு கதிரேசன். மழை இல்லை. எனக்கு மயக்கம் வரலை. அப்பா உடனே சாகலை."

நிறைமதி திரும்பினாள். கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஆறு மாதமாக எல்லாரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டே இருந்தாரு" என்றாள் நேயா. "ரொம்ப நேரம். என் கையைப் பிடிச்சிருந்தாரு. அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாரு."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. சுகன்யாவைப் பார்த்தாள், சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "சொன்னா அம்மா அழுவாங்க டீச்சர்" என்றாள்.

சுகன்யா நிறைமதியைப் பார்த்தாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் அல்ல.

நிறைமதி வந்து தரையில் உட்கார்ந்தாள். "அழுவேன் பாப்பா" என்றாள். "அழுதுட்டே கேக்கறேன். நீ சொல்லு."

நேயா அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அன்றைக்குக் காலையில் அப்பா வண்டியைத் துடைத்ததிலிருந்து ஆரம்பித்தாள்.